பத்தொன்பதாவது சுற்று

கையை நீட்டி அவளை நிறுத்தியது நான்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த வாரக் கட்டுரை முழுக்க மற்றவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, நான் மட்டும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஓரமாக நின்றுகொள்வேன். திட்டத்தான் போகிறேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

எங்கள் கல்லூரியின் ஆண்டு விளையாட்டு விழா அன்று. பெண்களுக்கான ஐயாயிரம் மீட்டர் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் மைதானத்தில் ஓடுபாதை இருநூறு மீட்டர்தான் என்பதால் இருபத்தைந்து சுற்று ஓட வேண்டும். நான் கோட்டருகில் நின்று எத்தனை சுற்று பாக்கி என்று அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஓடியவர்கள் ஆறு பேர். முதலில் வந்தவள் கோகிலா, மூன்றாம் வருடம் பி.காம். அவளுக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் முக்கால் சுற்று இடைவெளி.

பத்தொன்பதாவது சுற்றை முடித்துக்கொண்டு என்னை நோக்கி வருகிறாள். அப்போது கேட் பக்கமிருந்து ஹாரன். மைக்கில் யாரோ அலறினார்கள்: "நிறுத்துங்க, நிறுத்துங்க! சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு! டிராக்கைக் கிளியர் பண்ணுங்க!"

நான் பாதைக்குள் இறங்கி வலது கையை நீட்டினேன். வந்த வேகத்தில் அவள் தோள் என் உள்ளங்கையில் மோதியது. சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"என்னாச்சுங்க மேடம்?"

"கார் வருதும்மா. ஒரு நிமிஷம் நில்லு."

"இன்னும் ஆறு ரவுண்டு இருக்குங்க மேடம்."

"தெரியும். நில்லு."

வெள்ளைக் கார் ஒன்று மெதுவாக ஓடுபாதைக்குள் வந்தது. நாங்கள் விடியற்காலையில் எழுந்து, நூல் பிடித்து, குனிந்து குனிந்து போட்ட சுண்ணாம்புக் கோடுகள் டயரில் ஒட்டிக்கொண்டு போயின. கடந்து போயிருந்தாலாவது பரவாயில்லை. முடிவுக்கோட்டுக்குப் பத்தடி முன்னால், பாதைக்குக் குறுக்கே, அப்படியே நின்றுவிட்டது. என்.சி.சி. மாணவர்கள் ஓடிவந்து மிச்சமிருந்த பாதையில் இரண்டு வரிசையாக நின்று விறைத்தார்கள்.

கேட்டிலிருந்து மேடைக்கு எவ்வளவு தூரம் தெரியுமா? பிறகு ஒருநாள் டேப் வைத்து அளந்தேன். நாற்பது அடி. அந்த நாற்பது அடியை ஒரு மனிதர் நடந்து வரக்கூடாது என்பதற்காக மூவாயிரத்து எண்ணூறு மீட்டர் ஓடிய பெண்ணை நிறுத்தினோம்.

பத்து மணி என்றால் பதினொன்றரை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் உடற்கல்வித் துறையில் தற்காலிக உதவியாளர். வணிகவியல் மூன்றாம் ஆண்டுக்கு விளையாட்டு மேலாண்மை என்று ஒரு விருப்பப்பாடம் இருக்கிறது. அதை நடத்துபவர் எங்கள் உடற்கல்வி இயக்குநர் முருகேசன் சார். நான் அவருக்கு உதவி. உதவி என்றால் நோட்ஸ் எடுப்பது, வருகைப்பதிவு போடுவது, ஷாட்புட் குண்டை மழைநீர்க் கால்வாயிலிருந்து தேடி எடுப்பது எல்லாம் சேர்த்துத்தான். ஸ்டோர் ரூம் சாவி மூன்று பேரிடம் இருந்தும் கதவை ஆணி வைத்துத் திறந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன்.

அந்த விழாவே என் வகுப்புக்குச் செய்முறைப் பாடம். அழைப்பிதழ் முதல் பரிசு மேசை வரை மாணவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சி நிரலை நானும் விக்னேஷும் உட்கார்ந்து போட்டோம். விக்னேஷ் என் வகுப்பில் கணக்குப் பிசகாத பையன், அன்று அவன்தான் நேரக்காப்பாளர். பெண்கள் ஐயாயிரம் மீட்டர் காலை ஒன்பது மணிக்கு, விழாத் தொடக்கம் பத்து மணிக்கு என்று நிரலில் தெளிவாக இருந்தது.

ஒன்பதுக்கு யாரும் வரவில்லை. ஓட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தார். பந்தல்காரர்கள் பாதைமேல் போட்ட மூங்கிலை எடுக்கவில்லை. நானும் அவசரப்படவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் அழைப்பிதழில் பத்து மணி என்று போட்டால் விருந்தினர் பதினொன்றரைக்கு வருவார். அது எல்லோருக்கும் தெரியும். போன வருடம் வந்தவர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு ஓட்டம் தொடங்கியது. ஒன்பது ஐம்பத்தொன்றுக்குக் கார் வந்துவிட்டது. என் அனுபவத்தில் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்த ஒரே சிறப்பு விருந்தினர் அவர்தான்.

கோகிலாவின் வேகத்துக்கு ஆறு சுற்று ஐந்து நிமிடம். அதாவது ஒன்பது ஐம்பத்தாறு. அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு இன்னும் நாலு நிமிடம் மிச்சமிருக்கும்போதே ஓட்டம் முடிந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் உட்காரவில்லை

மற்ற ஐந்து பேரும் வேப்பமர நிழலில் போய்ச் சரிந்தார்கள். கோகிலா உட்காரவில்லை. கார் நகர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடச் சொல்வார்கள் என்று நினைத்தாள். கால் இறுகிவிடக்கூடாது என்று நின்ற இடத்திலேயே மெதுவாகக் குதித்துக்கொண்டிருந்தாள். மேடையில் தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கியபோது மட்டும் அசையாமல் நின்றாள். பிறகு வரவேற்புரை. வரவேற்புரையில் விருந்தினரின் தாத்தா காலத்திலிருந்து தொடங்கினார்கள். அவள் குதித்துக்கொண்டே இருந்தாள். கொடியேற்றம். உறுதிமொழி. பொன்னாடை, அதற்குப் பதில் பொன்னாடை.

நடுவில் விக்னேஷ் என்னிடம் வந்து ஸ்டாப்வாட்சைக் காட்டினான். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், இதை நிறுத்தட்டுங்களா? யாருமே சொல்லலைங்க."

நாற்பத்தெட்டு நிமிடம் சொச்சம் காட்டியது. நான் நிறுத்தச் சொன்னேன். அன்று நான் நிறுத்தியது இரண்டு.

கோகிலாவுக்கு அந்த ஓட்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத் தடகள அணித் தேர்வுக்கு, கல்லூரிப் போட்டியில் பதிவான நேரத்தோடுதான் பெயர் அனுப்ப முடியும். திங்கட்கிழமை மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அவளுக்கு இது கடைசி வருடம். அணியில் இடம் கிடைத்தால் அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்வி ஆசிரியர் படிப்பான பி.பி.எட். சேரலாம். ஏரியூர்ப் பக்கம் நிலக்கடலை போடுகிற குடும்பம். அவள் அப்பா ஒருமுறை கல்லூரிக்கு வந்தபோது என்னிடம் நேராகவே சொன்னார்: "சீட்டு கெடச்சா அனுப்பறங்க மேடம். கெடைக்கலைன்னா படிச்சது போதும், வூட்டுக்கு வந்துரட்டும்." கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார்.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் இருந்தது இவ்வளவும்.

மணலில் விழுந்த கதை

நான் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோதும் இதே கதைதான். வட்டார விளையாட்டுப் போட்டி. அணிவகுப்புக்காக எங்களைக் காலையிலேயே வெயிலில் நிறுத்திவிட்டார்கள். வர வேண்டியவர் வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போனால் வரிசை கலைந்துவிடுமாம். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் பச்சை ரிப்பன் இரண்டாகத் தெரிந்தது, பிறகு மூன்றாக, பிறகு நான் மணலில் கிடந்தேன். முகத்தில் கோலி சோடாவைத் தெளித்தார்கள். பன்னீர் சோடா. ஒரு வாரம் தலைமுடியில் எறும்பு வந்தது.

என் எண்ணூறு மீட்டர் உச்சி வெயிலில் நடந்தது. வெறுங்காலில் ஓடினேன், கடைசியாக வந்தேன். வந்தவர் நான் ஓடியதைப் பார்க்கவில்லை. அவர் சாப்பிடப் போயிருந்தார்.

அன்றைக்கு மனதுக்குள் சபதம் போட்டேன், நான் பெரியவளாகி இப்படி ஒருவரையும் நிறுத்த மாட்டேன் என்று. பெரியவளானேன். கையை நீட்டினேன்.

மைக்கில் விழுந்த பதில்

விழா நடந்தது. கார் நின்ற இடத்தில் நின்றது. ஓட்டத்தைத் தொடர முடியாது என்று மேடைக்குப் பின்னால் முடிவாகிவிட்டது. முன்னால் வந்தது கோகிலாதானே, அவளுக்கே முதல் பரிசு கொடுத்துவிடலாம் என்று பிரின்சிபால் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. விழா என்றால் விருந்தினர் என்று நினைப்பவர், அவ்வளவுதான். அந்த நினைப்புதான் எங்கள் மைதானத்தில் புல்லைவிட நன்றாக வளர்ந்திருக்கிறது.

பெயர் கூப்பிட்டார்கள். கோகிலா கால் இழுத்து இழுத்து மேடையேறினாள். கெண்டைக்கால் இறுகிவிட்டிருந்தது. விருந்தினர் கம்பைநல்லூர்ப் பக்கத்து வியாபாரி. பழைய கபடிக்காரர் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன், ஒரு பக்கக் காது மடங்கியிருந்தது. கோப்பையை நீட்டிக்கொண்டே அவளிடம் கேட்டார்:

"எவ்ளோ நேரத்துல முடிச்சம்மா?"

"முடிக்கலைங்க சார்."

மைக் பக்கத்தில் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது.

"ஏம்மா?"

"உங்க கார் வந்துச்சுங்க."

அவர் கோப்பையை அப்படியே கையில் வைத்துக்கொண்டு காரைத் திரும்பிப் பார்த்தார். முகம் சிறுத்துப்போனது. "என்னைக் கேட்டிருந்தா கேட்லயே நின்னிருப்பனே. யாருமே சொல்லலையேப்பா" என்றார். பிரின்சிபால் சிரித்துக்கொண்டே மைக்கை நகர்த்தி, அடுத்து நீளம் தாண்டுதல் பரிசு என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆக, அவர் நிறுத்தச் சொல்லவில்லை. ஓட்டத்தை நின்று பார்த்திருப்பார், ரசித்தும் இருப்பார். அவருக்கு வேண்டாத மரியாதையை அவர் தலையில் கட்டுவதற்காக இவள் காலைப் பிடித்து நிறுத்தினோம். கேட்காத ஒன்றைக் கொடுக்க எங்களுக்கு எவ்வளவு அவசரம்!

கால்குலேட்டர்

சாயங்காலம் துறை அறையில் முருகேசன் சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். சண்டை போடுகிற வயதைத் தாண்டிவிட்டேன் என்று அடிக்கடி சொல்வார்.

"பத்தொன்பது ரவுண்டுக்கு எவ்ளோ ஆச்சு வசந்தி?"

"பதினஞ்சு நிமிஷம் ஐம்பது செகண்டுங்க சார்."

"அதே வேகத்துல மிச்ச ஆறு ரவுண்டுக்குக் கணக்குப் போடு. அதையே டைமா எழுதி அனுப்பிரலாம். புள்ளைக்கு நல்லதுதான? யாரு கேக்கப் போறாங்க?"

மறைக்காமல் சொல்கிறேன், நான் கால்குலேட்டரை எடுத்தேன். எண்களைத் தட்டினேன். இருபது நிமிடம் ஐம்பது வினாடி வந்தது. தேர்வுக்குப் போதும். அதைத் தாளில் எழுதப்போகும்போது வாசலில் கோகிலா நின்றிருந்தாள். கையில் அந்தக் கோப்பை. திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"ஓடாத ஆறு ரவுண்டுக்கு எப்படிங்க மேடம் டைம் போடுவீங்க?"

"நீ ஓடியிருப்பம்மா. எங்களுக்குத் தெரியாதா?"

"கடைசி ரெண்டு ரவுண்டு நான் எப்பவும் வேகமா போவங்க. இல்லைன்னா கால் புடிச்சிக்கிட்டு நின்னும் போயிருப்பன். எனக்கே தெரியலைங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு அவள் தொடர்ந்தாள். "நாளைக்கு நான் பி.டி. டீச்சராயி, ஓடாத புள்ளைக்கு நேரம் எழுதணுங்களா? என்னை ஓட வுடுங்க மேடம். அது போதும்."

குரல் உயரவில்லை. நான்தான் தலைகுனிந்தேன். கால்குலேட்டரில் அந்த எண் அப்படியே நின்றது. அணைக்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

என் எழுத்தே என்னை மடக்கியது

மறுநாள் சனிக்கிழமை வகுப்பு இருந்தது. விழா எப்படி நடந்தது என்று மாணவர்கள் அறிக்கை எழுதி வர வேண்டும். முப்பத்து மூன்று அறிக்கை வந்தது. முப்பத்திரண்டில் 'விழா இனிதே நிறைவுற்றது.' ஒரே மாதிரி எழுத இவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நாங்கள்தான், வேறு யார்.

விக்னேஷின் அறிக்கையில் கடைசிப் பத்தி மட்டும் வேறு. பெண்கள் ஐயாயிரம் மீட்டர் முடிவு பெறவில்லை என்று எழுதியிருந்தான். எழுந்து நின்று நோட்டைப் பிரித்தான்.

"மேடம், போன மாசம் நீங்க போர்டுல எழுதிப் போட்டீங்க. ஓட்டத்துக்கு இடையூறு வந்தா ரெஃப்ரி மறுபடியும் ஓடச் சொல்லலாம்னு. ரெஃப்ரி முருகேசன் சார்தானுங்களே?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானே சாக்பீஸால் எழுதி, நானே அடிக்கோடு போட்ட வரி. அது உலகத்தில் எங்கோ நடக்கும் பெரிய போட்டிகளுக்கு, நமக்கில்லை என்று என்னையறியாமல் நினைத்துக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறேன்.

நேராகப் பிரின்சிபாலிடம் போனேன். பரிசு கொடுத்தாகிவிட்டது, பத்திரிகைக்குப் படமும் போய்விட்டது, மறுபடி ஓட்டம் என்றால் விருந்தினரை அவமதித்த மாதிரி ஆகும் என்றார். விருந்தினரே வருத்தப்பட்டாரே என்றேன். நீண்ட நேரம் பேனாவை உருட்டினார். கடைசியில் இறங்கி வந்தார்.

"சரிம்மா. திங்கக்கிழமை காலையில சத்தமில்லாம நடத்திக்குங்க. ஆனா ரிசல்ட் தாள்ல மறு ஓட்டத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல மழைன்னு போட்டுருங்க. மழைன்னா யாருக்கும் வருத்தமில்லை."

மழை! எங்கள் மாவட்டத்தில், அந்த மாதத்தில், போர்வெல்லில் காற்று வந்துகொண்டிருந்த நேரத்தில், மழை! அந்த மைதானத்தில் அன்று நனைந்தது கோகிலாவின் சட்டை ஒன்றுதான்.

தாளை எடுத்துக்கொண்டு துறை அறைக்கு வந்தேன். 'காரணம்' என்ற இடத்தில், 'ஓடுபாதையின் குறுக்கே கார் நிறுத்தப்பட்டதால்' என்று எழுதினேன். கையெழுத்துக்கு சாரிடம் நீட்டினேன். படித்தார். பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"மழைன்னு போட்டா நான் கொடை புடிச்சிட்டு நின்னன்னு சொல்லணும். கார்னே இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். சண்டை போடுகிற வயது அவருக்கு ஒரு நாள் மட்டும் திரும்பி வந்தது.

அந்தத் தாளுக்காகப் பிறகு எனக்கு ஒரு மெமோ வந்தது. அலுவலகப் பதிவேட்டில் வாகனத்தைக் குறிப்பிட்டது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். வாகனத்தைப் பாதையில் நிறுத்தியது ஏன் என்று இதுவரை யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை

காலை ஆறரை மணிக்கு மைதானத்தில் பந்தல் மூங்கில் மட்டும் மிச்சம் கிடந்தது. விக்னேஷும் இன்னும் எட்டுப் பேரும் சுண்ணாம்பு வாளியோடு முன்னமே வந்து கோடு போட்டிருந்தார்கள். கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை ஒரு பெண் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். முதலில் ஓடிய ஆறு பேரில் மூன்று பேர் வந்தார்கள். கோகிலா கெண்டைக்காலில் துணி கட்டியிருந்தாள். வலி இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குதுங்க" என்றாள்.

முருகேசன் சார் விசில் ஊதினார். நான் அதே இடத்தில், அதே அட்டையோடு நின்றேன்.

மைக் இல்லை, கைதட்டல் இல்லை. மண்ணில் கால் படுகிற சத்தமும் ஒவ்வொரு சுற்றுக்கும் விக்னேஷ் நேரம் சொல்கிற குரலும்தான். வெள்ளிக்கிழமை வேகம் இல்லை. பத்தாவது சுற்றில் முகம் சுளித்தாள். பதினைந்தில் இடது காலைக் கொஞ்சம் தள்ளிப் போட ஆரம்பித்தாள்.

பத்தொன்பதாவது சுற்று முடிய வந்தாள். நான் அட்டையைத் திருப்பினேன். என்னை நெருங்கும்போது அவள் கண் என் வலது கைக்குப் போனது. நான் அசையவே இல்லை. ஆனாலும் அவள் வேகம் ஒரு கணம் தடைபட்டது, உடம்பு தானாகச் சாய்ந்தது, உள்பாதையை விட்டு விலகி என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். வினாடிக்கு ஏங்கி ஓடுகிற பெண் எனக்காக இரண்டடி அதிகம் ஓடினாள்.

அட்டையை விக்னேஷிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மிச்ச ஆறு சுற்றும் அப்படியேதான் நின்றேன்.

கடைசி இரண்டு சுற்றில், அவள் சொன்ன மாதிரியே, வேகமெடுத்தாள். இருபத்தோரு நிமிடம் இரண்டு வினாடி. நான் கால்குலேட்டரில் தட்டிய நேரத்தைவிடப் பன்னிரண்டு வினாடி கூடுதல். தேர்வுக்குப் பெயர் அனுப்ப அது போதுமானதாக இருந்தது. அணியில் கடைசிப் பெயராக வந்தாள், பி.பி.எட். சேர்ந்தாள்.

அன்று காலை அவள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது பக்கத்தில் போய்த் தண்ணீர் கொடுத்தேன். மனசு கேட்காமல் கேட்டேன்.

"நான் நின்ன இடத்துல எதுக்கும்மா விலகிப் போன? அந்த ரெண்டடி வேஸ்ட்டு இல்லையா?"

அவள் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, யோசித்து, எந்தக் குறையும் இல்லாத குரலில் சொன்னாள்.

"தெரியலைங்க மேடம். நீங்க நின்னுட்டு இருந்தீங்க, அதான்."